மால் பார்த்தது போதும் என்பவர்களுக்குத் துபாயில் வேறென்ன இருக்கிறது?

எனக்கு வந்த கேள்வி இதுதான்: ஒரு குடும்பத்தினர் டிசம்பர் கடைசியில் 10 நாள் துபாய் வருகிறார்கள். அண்ணன் அங்கே கராமா பகுதியில் இருக்கிறார். வருவது கணவன், மனைவி, 13 வயது மகன், 66 வயது அப்பா. புர்ஜ் கலீஃபாவையும் துபாய் மாலையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, மற்ற நாள்களில் நாலு பேரோடு சேர்ந்து விளையாடவோ சைக்கிள் ஓட்டவோ மலை ஏறவோ கடலில் இறங்கவோ வழி உண்டா? ஊரில் ஆள் பழக்கமும் இல்லை, விளையாட்டுச் சாமான் எதையும் விமானத்தில் தூக்கிக்கொண்டு வரவும் முடியாது.

டிசம்பர் என்றதுமே பாதிக் கவலை தீர்ந்தது. இதையே ஜூலைக்குக் கேட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். கோடையில் இங்கே வெயில் 45 டிகிரியைத் தொடும், கடலோர ஈரம் வேறு சேர்ந்து சட்டையை உடம்போடு ஒட்டவைத்துவிடும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் தொழிலாளிகளை வேலை வாங்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த மாதங்களில் விளையாட்டு மொத்தமும் கூரைக்குள் போய்விடும். உலக வர்த்தக மையத்தின் பெரிய கூடங்களில் பேட்மிண்டன், கால்பந்து, கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் தளம் போட்டு வாடகைக்கு விடுவார்கள். கடலுக்கு ராத்திரியில்தான் போவோம். அதற்கென்றே ஜுமெய்ரா, உம் சுகைம் கரைகளில் 2023இல் விளக்கு போட்ட இரவுக் குளியல் பகுதிகளைத் திறந்தார்கள்.

நீங்கள் வரும்போது பகலில் 25 டிகிரி, விடிகாலையில் 15 பக்கம் இருக்கும். சூரியன் ஏழு மணி சுமாருக்கு உதித்து, மாலை ஐந்தரைக்கெல்லாம் மறைந்துவிடும். நம்மூர் நினைப்பில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும் என்று எண்ணி மலைப்பக்கம் கிளம்பிவிடாதீர்கள்.

அடுத்து, வருகிறவர்கள் கவனிக்காமல் விடுவது கிழமை. இணையத்தில் இன்னும் கிடக்கும் பழைய குறிப்புகளில் "வெள்ளிக்கிழமை காலை ஓட்டம்", "வெள்ளி காலை கிரிக்கெட்" என்றுதான் இருக்கும். 2022 ஜனவரியிலிருந்து இங்கே வார விடுமுறை சனி, ஞாயிறு. அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள். உள்ளூர்க் குழுக்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறு விடிகாலையில்தான் கூடுகின்றன. உங்கள் 10 நாளில் எப்படிப் பார்த்தாலும் இரண்டு வார இறுதிகளுக்கு மேல் வராது. கையில் இருப்பது அதிகம் போனால் நான்கு காலைகள். ஆள்களோடு சேர்ந்து செய்வதை எல்லாம் அந்தக் காலைகளில் வையுங்கள். கடற்கரை, மலைப்பக்கம் இருக்கும் ஹத்தா போன்றவற்றை வார நாள்களுக்குத் தள்ளுங்கள், கூட்டமும் அப்போதுதான் குறைவு. நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, சனிக்கிழமை ஹத்தாவில் கயாக் என்ற துடுப்புப் படகுக்கான வரிசையில் நின்றபடி எனக்கு ஃபோன் செய்வார்கள்.

ஆள் தெரியாது என்ற கவலையை விடுங்கள். இந்த நாட்டில் பத்தில் ஒன்பது பேர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். எல்லோருமே ஒரு நாள் யாரையும் தெரியாமல் வந்து இறங்கியவர்கள்தான் என்பதால், புது ஆள் வந்து நின்றால் யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. துபாய் க்ரீக் ஸ்ட்ரைடர்ஸ் மாதிரி பல வருடமாக நடக்கும் ஓட்டக் குழுக்கள் இருக்கின்றன. சைக்கிள் கடைகளைச் சுற்றிக் குழுக்கள் இருக்கின்றன. கராமாவில் இருக்கும் உங்கள் அண்ணனின் ஃபோனில் குறைந்தது மூன்று வாட்ஸ்அப் விளையாட்டுக் குழுவாவது மியூட்டில் கிடக்கும், கேட்டுப் பாருங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே "இந்தத் தேதியில் வருகிறேன், என் வேகம் இவ்வளவு, சைக்கிள் வாடகைக்கு வேண்டும்" என்று ஒரு செய்தி போட்டுவிட வேண்டும். வேகத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். யாரையும் பின்னால் விட்டுவிட்டுப் போகாத குழுவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைக்கிளுக்கு இரண்டு இடம் சொல்வேன். மெய்தான் குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் நாத் அல் ஷிபா. 4, 6, 8 கிலோமீட்டர் சுற்றுகள், கார் தொல்லை இல்லை, இரவிலும் விளக்கு உண்டு. மகனையும் மனைவியையும் முதல் நாள் இங்கே கூட்டிப் போங்கள். இன்னொன்று அல் குத்ரா. பாலைவனத்துக்குள் 80 கிலோமீட்டருக்கு மேல் நீளும் தனித் தடம். ஆரம்பிக்கும் இடத்திலேயே வாடகைக்குச் சைக்கிளும் ஹெல்மெட்டும் கிடைக்கும். இருபக்கமும் மணல், நடுவில் கறுப்பு நாடா விரித்த மாதிரி தார்ப் பாதை. அதிர்ஷ்டம் இருந்தால் நீளக் கொம்போடு வெள்ளை ஓரிக்ஸ் மான் பக்கத்திலேயே நிற்கும். முழுச் சுற்றையும் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. 15 கிலோமீட்டர் போய்த் திரும்பினாலே போதும்.

ஆனால் அல் குத்ராவில் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். நான் முதல் தடவை போனது தனியாக. போகும்போது மீட்டரில் மணிக்கு 32 கிலோமீட்டர் காட்டியது. ஆகா, நமக்குள் இப்படி ஒரு வீரன் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்தானே என்று நினைத்தேன். திரும்பும்போதுதான் தெரிந்தது, அதுவரை மிதித்தது காற்று. எதிர்காற்றில் 14க்கு மேல் ஏறவில்லை, தண்ணீரும் தீர்ந்துவிட்டது. பின்னால் வந்த ஒரு பிலிப்பைன்ஸ் குழு வேகத்தைக் குறைத்து, கையால் ஜாடை காட்டி, தங்கள் முதுகுக்குப் பின்னால் என்னை ஒட்டிக்கொள்ளச் சொன்னது. முன்னால் போகிறவர் காற்றை உடைப்பார், பின்னால் வருகிறவருக்கு மிதிப்பது எளிதாகிவிடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் போகிறவர் மாறுவார். என்னை மட்டும் முன்னால் விடவே இல்லை, அவ்வளவு மோசமாக இருந்திருக்கிறேன் போல. அன்றிலிருந்து அங்கே தனியாகப் போவதில்லை. காற்றடித்த மறுநாள் வளைவுகளில் மணல் சேர்ந்து கிடக்கும், அதில் பிரேக் பிடித்தால் சறுக்கும். இரண்டு பாட்டில் தண்ணீர், கொஞ்சம் பேரீச்சை போதும். முடித்துவிட்டு ஆளுக்கொரு கரக் சாய் என்ற கெட்டிப் பால் டீ குடிப்பது எழுதாத சட்டம்.

ஊருக்குள் வாடகைச் சைக்கிள் நிலையங்கள் நிறைய உண்டு, ஆப் வழியாக எடுத்துக்கொள்ளலாம். பெரிய சாலைகளில் மட்டும் இறங்காதீர்கள். வேக வரம்பு 60க்கு மேல் உள்ள சாலையில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது, பிடித்தால் அபராதம்.

அடுத்து கிரிக்கெட். சுற்றுலாக் குறிப்புகள் எதிலும் இது வராது, எனக்கோ இந்த ஊரின் முதல் விளையாட்டே இதுதான். சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் 2005 முதல் இங்கே இருப்பதும், 2021 அக்டோபர் 15 அன்று சென்னை அணி இங்கே ஐபிஎல் கோப்பையை வென்றதும் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது ஞாயிறு காலை மணல் திடல் கிரிக்கெட். அல் கூஸ், முஹைஸ்னா, ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியா பக்கம் காலையில் போனால், காலி மணல் திடலின் நடுவே சிமென்ட் பிட்ச், அதைச் சுற்றி பெஷாவர் டாக்ஸி ஓட்டுநர், மலப்புரம் சூப்பர்மார்க்கெட் பையன், டாக்கா எலெக்ட்ரீஷியன், ராமநாதபுரத்து அக்கவுண்டன்ட் என்று ஒரே அணியில் நிற்பார்கள். மொழி ஒரு மாதிரி கலவை இந்தி. ஒரு ஆள் குறைந்தால் வேடிக்கை பார்க்கிறவரைத்தான் கூப்பிடுவார்கள். வேடிக்கை பார்ப்பதுதான் நுழைவுச் சீட்டு.

உங்கள் மகனுக்கு ஒரு எச்சரிக்கை. நம்மூரில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியிருப்பான். இங்கே ஆடுவது டேப் பால், அதாவது டென்னிஸ் பந்தின் மேல் எலெக்ட்ரிக்கல் டேப்பை இறுக்கிச் சுற்றியது. கராச்சித் தெருக்களில் பிறந்த வித்தை. பந்தின் எம்பல் குறையும், வேகம் கூடும், காற்றில் வளையும். பெஷாவர்க்காரர் போடும் யார்க்கர் நேராகக் கால் விரலுக்கு வரும். செருப்போடு போகாமல் ஷூ போட்டுப் போகட்டும். மணலும் சிமெண்டும் பயமாக இருந்தால், விளக்கு போட்ட செயற்கைப் புல் திடல்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். பத்துப் பேர் சேர்ந்தால் தலைக்கு விழும் பங்கு பெரிய தொகை ஆகாது. கால்பந்தும் பேட்மிண்டனும் இதே கதைதான்.

ஹத்தாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். துபாய் நகரிலிருந்து 130 கிலோமீட்டர் போல, ஹஜர் மலைத்தொடருக்குள் துபாய்க்குச் சொந்தமான தனித்துண்டு நிலம். அணைத் தேக்கத்தில் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் புல் பூண்டு இல்லாத பழுப்பு மலை. கயாக் வாடகைக்குக் கிடைக்கும், லைஃப் ஜாக்கெட் தருவார்கள், நீச்சல் தெரியாதவர்களும் இரட்டைக் கயாக்கில் போகலாம். கணவன் மனைவி ஒரே கயாக்கில் ஏறினால் யார் துடுப்பு சரியில்லை என்பதில் ஒரு வாக்குவாதம் நிச்சயம் வரும். நான் பார்த்த வரை அதற்கு விதிவிலக்கு இல்லை. மலைச் சைக்கிளுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் தடம் போட்டு, பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்தை நிறத்தில் குறித்திருக்கிறார்கள். முதல் தடவை பச்சையோடு நிறுத்துங்கள். நடைத் தடங்களும் பலகை வைத்துக் குறித்தவைதான். தளர்ந்த சரளைக் கல் என்பதால் அடிப்பிடிப்புள்ள ஷூ கட்டாயம், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீரும் வேண்டும். மேலே ஏறினால் ஃபோன் ஓமான் கோபுரத்தைப் பிடித்து "ஓமானுக்கு நல்வரவு" என்று செய்தி அனுப்பும். நீங்கள் எல்லை தாண்டவில்லை, பயப்படாதீர்கள். ரோமிங் டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள்.

போகும் வழியைப் பற்றி ஒன்று. ஹத்தாவுக்கான பழைய நேர்வழி இடையில் ஓமான் மண்ணைத் தொட்டுப் போகும். விசிட் விசாவில் வந்தவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம், வாடகைக் காரின் காப்பீடும் அங்கே செல்லாமல் போகலாம். மலீஹா வழியாகச் சுற்றிப் போவதுதான் இப்போது வழக்கம். கார் ஓட்டப்போவது நீங்கள் என்றால் இந்திய லைசென்ஸ் மட்டும் போதாது. ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள். அது வேண்டாம் என்றால் துபாய் மாலிலிருந்து ஹத்தாவுக்கு அரசுப் பேருந்து இருக்கிறது.

பாலைவனம். டெசர்ட் சஃபாரி என்று எல்லோரும் விற்பது ஒரே மாதிரிதான்: மதியம் மூன்று மணிக்குக் கூட்டிப்போய், அரை மணி நேரம் மணல்மேட்டில் காரை உருட்டி எடுத்து, ஒட்டகத்தில் ஒரு ரவுண்டு, இரவு நெருப்பில் சுட்ட இறைச்சி, நடனம். மகனுக்குப் பிடிக்கும். அப்பாவுக்கு அந்த அரை மணி நேரம் வேண்டாம், முதுகு தாங்காது. "மணல்மேட்டு ஓட்டம் இல்லாமல் நேராகக் கேம்புக்கு" என்று முன்பே கேட்டால் ஏற்பாடு செய்து தருவார்கள். அன்று மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், காரணத்தை விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

உண்மையான பாலைவன அனுபவம் வேண்டுமானால், சொந்த ஃபோர் வீல் வைத்திருக்கும் குழுவோடு ஒட்டிக்கொண்டு ஒரு இரவு தங்குங்கள். உங்கள் அண்ணனின் நண்பர்களில் யாராவது ஒருவர் இருப்பார். அந்தக் கூட்டத்தின் ஒழுக்கமே தனி. ஒற்றைக் காராக ஒருபோதும் போக மாட்டார்கள். மணலில் இறங்கும் முன் எல்லோரும் வண்டியை நிறுத்தி, டயர் காற்றை 35 பிஎஸ்ஐயிலிருந்து 15 பக்கம் வரை இறக்குவார்கள். டயர் தளர்ந்தால் தரையில் படும் பரப்பு கூடும், வண்டி மணலில் புதையாமல் மிதக்கும். மண்வெட்டி, இழுகயிறு, காற்றடிக்கும் கம்ப்ரஸர், எதிரே வருபவருக்குத் தெரிய உயரக் கொடி எல்லாம் இருக்கும். யாராவது ஒருவர் கட்டாயம் மாட்டுவார். மற்றவர்கள் இறங்கிக் கையால் மணலை வாரி, வண்டியை எடுத்துவிடுவார்கள். அன்றைய பயணத்தின் மிச்சக் கதை முழுக்க அதுதான். நம்மூர்க்காரர்கள் "பாலைவனம்தானே" என்று அரைக்கைச் சட்டையோடு வந்துவிடுகிறார்கள். டிசம்பர் இரவில் அங்கே நடுங்கும், விடிகாலைப் பனியில் கூடாரம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். ஸ்வெட்டர், மங்கி குல்லா எடுத்து வாருங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மழை வந்தால் மட்டும் எல்லாத் திட்டத்தையும் மாற்றுங்கள். இங்கே மழை அபூர்வம், ஆனால் பெய்தால் மலை மண் அதைக் குடிக்காது. வாடி எனப்படும் வறண்ட பள்ளத்தாக்கில் சில நிமிடத்தில் வெள்ளம் ஓடும். மேலே எங்கேயோ பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே வந்து சேரும். மழை நேரத்தில் பள்ளத்தாக்கு, அணைப் பக்கம் கூடி நின்றாலே 1,000 திர்ஹம் அபராதம், வெள்ளம் ஓடும் வாடிக்குள் காரை இறக்கினால் 2,000 திர்ஹமும் 60 நாள் வண்டிப் பறிமுதலும். 2024 ஏப்ரல் 16 அன்று பெய்தது, 1949இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து இந்த நாடு கண்டிராத மழை. அதைப் பார்த்தவர்கள் இந்த விதியைக் கேலி செய்வதில்லை.

கடலுக்கு கைட் பீச். பெரிய பட்டத்தைக் காற்றில் பறக்கவிட்டு அதன் இழுப்பில் அலைமேல் சறுக்குபவர்களால் வந்த பெயர். நுழைவுக் கட்டணம் இல்லை. மாலையில் மணல் வாலிபால் ஆடுபவர்களிடம் "ஒரு ஆள் வேண்டுமா?" என்று கேட்டால் போதும், எங்கள் ஊர் கோயில் திடலைவிட எளிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். நின்றபடி துடுப்புப் போடும் பலகையும் வாடகைக்குண்டு, காலையில் கடல் தட்டையாக இருக்கும்போது எடுங்கள். கைட் சர்ஃபிங் கற்றுக்கொள்ளலாமா என்று மகன் கேட்பான். அதற்குப் பல நாள் பாடம் வேண்டும், 10 நாள் பயணத்தில் பணத்தைக் கொட்டாதீர்கள். குளிர்காலத்தில் ஷமால் என்ற வடமேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் வீசும். அப்போது கரையில் சிவப்புக் கொடி ஏறும். கொடி ஏறினால் கணுக்கால் அளவோடு நிறுத்துங்கள்.

மீன் பார்க்க முகமூடியோடு மிதக்க ஆசை என்றால் துபாய்க் கரை வேண்டாம், ஃபுஜைரா போங்கள். அது ஓமான் வளைகுடாப் பக்கம், தண்ணீர் தெளிவு. அல் அக்கா கரைக்கு நேர் எதிரே ஸ்னூப்பி ஐலண்ட் என்ற சின்னப் பாறைத் தீவு இருக்கிறது, ஆமைகள்கூடத் தென்படும்.

ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் மலையில் கம்பியில் தொங்கியபடி சறுக்கிப் போகும் 2.83 கிலோமீட்டர் ஜிப்லைன் இருக்கிறது, 2018இல் உலகிலேயே நீளமானது என்று கின்னஸில் ஏறியது. எடை வரம்பு உண்டு, மகன் ஒல்லி என்றால் முதலிலேயே கேளுங்கள். காற்றைப் பொறுத்து மூடுவார்கள், ஆகவே முந்தின நாளே திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மால் ஆஃப் தி எமிரேட்ஸுக்குள் இருக்கும் பனிச்சறுக்குக் கூடமான ஸ்கீ துபாய், உங்களைப் போன்றவர்களுக்கு டிசம்பரில் தேவையில்லை.

எனக்குப் பிடித்த இடம் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. மிர்திஃப் பக்கம் முஷ்ரிஃப் பார்க். ஊரின் நடுவே காடு மாதிரி மரங்கள், அவற்றுக்குள் நடைத் தடம், சைக்கிள் தடம். அங்கே நிற்கும் காஃப் மரம் இந்த நாட்டின் தேசிய மரம். பக்கத்தில் போய் இலையைப் பாருங்கள், நம்மூர்ச் சிவன் கோயில்களில் தல மரமாக நிற்கும் அதே வன்னிதான். முதல் தடவை அதைக் கண்டுபிடித்தபோது நான் நடையை நிறுத்திவிட்டு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

சில சில்லறை விஷயங்கள். கூட விளையாடுபவர்களைக் கேட்காமல் படம் எடுத்து எங்கும் போடாதீர்கள், இங்கே அது சட்டப்படி குற்றம், பெண்கள் இருக்கும் இடத்தில் கூடுதல் கவனம். அனுமதியில்லாமல் ட்ரோன் பறக்கவிடக் கூடாது, எடுத்து வரவே வேண்டாம். பயணக் காப்பீட்டில் மலையேற்றம், சாகச விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மனைவிக்கு உடை பற்றித் தயக்கம் இருந்தால், சாதாரண டிராக் பேண்ட், டி-ஷர்ட் எல்லா இடத்துக்கும் பொருந்தும். போலீஸ் உதவிக்கு 999.

கடைசியாக அப்பா. அவருக்காகத் தனித் திட்டம் எதுவும் தேவைப்படாது. கராமாவிலிருந்து சபீல் பார்க் பக்கம்தான். மகன், மகள் வீட்டுக்கு மூன்று மாத விசாவில் வந்திருக்கும் பெரியவர்கள் மாலையில் அங்கே நடப்பார்கள். தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாம் காதில் விழும். முதல் நாள் நீங்கள் கொண்டுபோய் விடுங்கள். ஜுமெய்ரா கரையோரம் 14 கிலோமீட்டருக்கு ரப்பர் பதித்த தடம் ஒன்றும் இருக்கிறது, முட்டிக்கு இதமாக இருக்கும், அவருக்கு அதில் ஒரு கிலோமீட்டர் போதும். திரும்பும் வழியில் பர் துபாயிலிருந்து தேராவுக்கு க்ரீக் என்ற கடற்கழியைத் தாண்ட அப்ரா என்ற சின்னப் படகில் ஏற்றுங்கள். ஆளுக்கு ஒரு திர்ஹம். கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டு, சில்லறையை மட்டும் அவர் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். படகுக்காரருக்கு அவரே கொடுக்கட்டும்.